பதிவில் ஏறாத கைப்பிடி

12 மே 2025, திங்கள்

காலை ஆறு மணிக்கே எங்கள் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில், துணி பின்னும் அப்புசாமியின் நிட்டிங் யூனிட்டில் துணியில் கோடு விழுகிறதாம். "ஏனுங்க, இட்லி வெந்துருச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போலாமுல்ல" என்றேன். "மிசின் ஓட ஓட மீட்டர் மீட்டரா வீணாகும் டீச்சரம்மா, இட்லி ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே ஊன்றுகோல் இரண்டையும் பக்கத்து இருக்கையில் சாய்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஒன்பதரைக்கு வந்தார். துணியைத் தடவியே மிசினின் பழுதைச் சொல்வதுதான் இவர் தொழில். வழக்கம்போலக் காரை விட்டு இறங்கவே இல்லையாம். துணி ரோலை வெளியே கொண்டுவந்து, வெயில் படும்படி கார் ஜன்னலில் விரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு முறை விரலால் தடவியிருக்கிறார். "ஊசி ஒண்ணு வளைஞ்சிருக்குது, இந்தப் பக்கம் நாலாவது"— அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருந்ததாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபத்து நான்கு வயது. நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடிவருவது மாதிரி.

மதியம் போனில் ஒரு செய்தி. நம் காரின் பதிவு ஜூன் 17ஆம் தேதியோடு முடிகிறது, பதினைந்து வருஷம் ஆகிவிட்டதால் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று. படித்துக் காட்டினேன். "முடிச்சுட்டாப் போகுது" என்றார்.

20 மே, செவ்வாய்

விசாரித்தேன். முன்பு இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார், ஹாரன் அடிக்கச் சொல்வார், முடிந்தது. இப்போது மாற்றிவிட்டார்களாம். புது நிலையத்தில் எல்லாம் இயந்திரம். பிரேக், லைட், புகை, எல்லாவற்றையும் அதுவே அளந்து, அதுவே எழுதும். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு ஒப்பிடும். ஆர்.சி.யில் இல்லாத எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது.



21 மே

ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலேயே எனக்குத் தெரியும்.

இல்லை.

2 ஜூன், திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் இந்த நாளில் விடியும் முன்னே விழிப்பு வந்துவிடுகிறது.

எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்துக்கு நான் புத்தகப் படத்தைக் காட்டியதில்லை. பிள்ளைகளை வரிசையாகப் பள்ளி வாசலுக்குக் கூட்டிவந்து அவருடைய காரைக் காட்டுவேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கியரோடு சேர்ந்து கிளட்சுக்கு இன்னொரு பிடி. "இவரது இரண்டு கால்களும் போலியோவில் போய்விட்டன. ஆனால் கை இருக்கிறது. கையின் விசையைக் காலின் இடத்துக்குக் கொண்டுபோக நடுவில் என்ன வேண்டும்?" என்று கேட்பேன். "லீவர் டீச்சர்!" என்று கத்துவார்கள். அவர் காருக்குள் இருந்தபடியே, "ஏனுங்க சாமி, இந்த வண்டில ஆரு கால் வெச்சாலும் எனக்கு வாடகை குடுக்கோணும்" என்பார்.

அந்தக் கைப்பிடியைச் செய்தவர் சிவராஜ். நிட்டிங் மிசின் பிட்டர். வண்டி வேலை பார்த்தவரே இல்லை. அவரை நிட்டிங் ஷெட்டில் பார்த்து, "கம்பியில எதுவும் பண்ணுவியாமா, எனக்கு ரெண்டு காலு பண்ணிக் குடு" என்று இவர் கேட்டது 2010இல். பதினைந்து வருஷமாக ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை.

சோதனைக்கு 9ஆம் தேதி கிடைத்திருக்கிறது.

9 ஜூன், திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நிலையம் ஊருக்கு வெளியே, பெரிய தகரக் கூடாரம். வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள். வண்டியை அங்குள்ள ஆள்தான் உள்ளே ஓட்ட வேண்டுமாம். எங்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்த ஆளுக்குக் கைப்பிடியைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. காலால் பிரேக்கை மிதிக்கப் போனார், கம்பி முழங்காலில் இடித்தது. கார் குலுங்கி நின்றது. மறுபடி குலுங்கியது. இவர் கண்ணாடியைத் தட்டி, "தள்ளுங்க! கையில தள்ளுங்க சாமி!" என்றார். உள்ளே கேட்கவில்லை.

தன் காரை வேறொருவர் ஓட்டிப்போவதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சற்று நேரம் கழித்து என்னிடம் மெதுவாக, "பின்னாடி இருந்து பாத்தா நம்ம வண்டி நல்லாத்தான் இருக்குது பாரு" என்றார்.

பிரேக் சரி. புகை சரி. லைட் சரி. கடைசியில் திரையில் ஒரு சிவப்பு வரி. பதிவில் இல்லாத மாற்றம்.

அனுசுயா என்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பெண். இவருக்கு எதிரே குனிந்து நின்று பேசினார். "ஐயா, இந்தக் கை கண்ட்ரோல் உங்க ஆர்.சி.யில ஏறலைங்களே. ஏத்தியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்லைங்க, இன்னைக்கே முடிச்சுக் குடுத்திருப்பேன்."

"ஏறியிருக்குமுங்க" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "வண்டி எடுத்தப்பவே எழுதியாச்சு. டீச்சரம்மாதான் உள்ள போயி எழுதிட்டு வந்தாங்க. இல்லீங்களா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான், "பழைய காகிதம் வீட்டுல இருக்கும், தேடிப் பாக்கறேன்" என்றேன்.

அது என் வாயிலிருந்துதான் வந்தது.

10 ஜூன்

அவர் பீரோவின் கீழ்த் தட்டு முழுவதையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடுகிறேன். இல்லாத காகிதத்தை.

13 ஜூன், வெள்ளி

நடந்தது இதுதான். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

2010இல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதினோரு படிகள். அவர் காரிலேயே இருந்தார். நான் காகிதங்களோடு ஏறினேன். "லைசென்ஸ்ல எழுதறதோட சேத்து ஆர்.சி.யிலயும் கை லீவர ஏத்தச் சொல்லு, மறந்துராத" என்று சொல்லித்தான் அனுப்பினார். உள்ளே இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பூபாலன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாற்காலி போடச் சொன்னான், டீ வாங்கி வரச் சொன்னான். கீழே இறங்கி வந்து, இவரைக் காரை ஓட்டிக் காட்டச் சொல்லி லைசென்ஸை முறையாக எழுதிக் கொடுத்தான். மறுபடி மேலே போய் ஆர்.சி. என்றபோது, "அதுக்கு வரைபடம் போட்டுத் தனியா விண்ணப்பம் குடுத்து, ரெண்டு மூணு தடவை வரணும் டீச்சர். உங்கள நான் இங்க நிக்க வெப்பனா? அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றான்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அத்தனை பேர் முன்னால். அந்தப் பெருமையோடு படியிறங்கி வந்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழுதியாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

ஒரு சொல். பூபாலன் சொன்னதைச் சொன்னால் "இல்ல, முறையா எழுதிட்டே போலாம்" என்று பிடிவாதம் பிடிப்பார், பூபாலன் மனம் கோணும் என்று— என்னென்னவோ காரணம். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தும் போய்விட்டேன்.

வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போன பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும், காகிதத்தில் அவன் அன்று வரவில்லை. எத்தனை புது ஆசிரியைகளுக்கு இதைச் சொல்லியிருப்பேன்!

14 ஜூன்

பூபாலனுக்குப் போன் செய்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் வேலையாக இருக்கிறான். நடந்ததை முழுக்கக் கேட்டான். பிறகு, "அன்னைக்கு உங்களுக்கு நல்லது பண்றதாத்தான் டீச்சர் நெனச்சேன்" என்றான். "தெரியும் கண்ணு" என்றேன். அவனை நான் என்ன சொல்ல? அவன் கொடுத்ததை நான் பெருமையோடு வாங்கிக்கொள்ளவில்லையா?

17 ஜூன், செவ்வாய்

இன்று கடைசி நாள். நாளை முதல் வண்டி ரோட்டில் போகக் கூடாது.

காலையில் அவரே, "வா, அமராவதி வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வரலாம்" என்றார். பல்லடம், பொங்கலூர், உடுமலை என்று சுற்று வழியாகப் போனார். வேண்டுமென்றேதான். பொங்கலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, காற்றாலை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். ஒரு யூனிட்காரர் போன் செய்தார். "இன்னைக்கு லீவுங்க. நாளைக்கா? நாளைக்கு... பேப்பர் வேல ஒண்ணு இருக்குதுங்க, முடிஞ்சதும் வாரேன்" என்றார்.

அமராவதி நகரில் அணைக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் நிறுத்தினார். பொரித்த மீன் காருக்கே வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் காகிதம் மட்டும் கெடச்சிருச்சுன்னா, அந்தப் புள்ள அனுசுயா உடனே போட்டுக் குடுத்துரும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். படி, பூபாலன், டீ, நாற்காலி, "ஆச்சுங்க"— எல்லாம்.

அவர் மீனைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "காகிதம் தேடறப்ப நீயும் கூட உக்காந்து தேடுனியே?"



"நாலு நாளு" என்றார். "நாலு நாளு பீரோவ அலசுனனே."

பதினைந்து வருஷத்தை விட்டுவிட்டார். அந்த நாலு நாளைத்தான் பிடித்துக்கொண்டார்.

"திட்டிருங்க" என்றேன்.

"அடுத்தவன் நோட்டுல ஒரு புள்ளி விட்டாச் சிகப்பு மையில வட்டம் போடுவ நீ" என்றார். திட்டவில்லை. ஏதோ ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் கைப்பிடியைத் தள்ளும் சத்தமும் இழுக்கும் சத்தமும் மட்டும். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கவா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்தில்.

18 ஜூன்

கார் வாசலில். அவர் உள்ளே.

24 ஜூன், செவ்வாய்

விண்ணப்பம் எழுதினேன். இப்போதாவது முறையாக. கைப்பிடியை அளந்து, வரைந்து, பாகம் குறித்து. ஆதாரப் புள்ளி எது, விசை எங்கே, பளு எங்கே. மூன்று பக்கம். அனுசுயா படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாரும் குடுத்ததில்லைங்கம்மா" என்றார். பிறகு சொன்னார்: சிவராஜ் செய்தது செல்லாது. அங்கீகாரம் பெற்ற கம்பெனியின் கைக் கட்டுப்பாடுதான் பொருத்த வேண்டும், சான்றிதழோடு. அதற்கு முன் அனுமதி. வண்டியில் மாற்றம் என்றால் லைசென்ஸிலும் புதிதாக எழுத வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று.

"லைசென்ஸ் இன்னும் மூணு வருசத்துக்கு இருக்குதுங்களே" என்றேன்.

"அது இந்தப் பழைய லீவர் வெச்ச வண்டிக்குங்கம்மா. அந்த வண்டி ஆர்.சி. கணக்குல இல்லவே இல்லைங்களே."

லைசென்ஸ் சொல்கிறது: இவர் இந்த வண்டியை மட்டும்தான் ஓட்டலாம். ஆர்.சி. சொல்கிறது: அப்படி ஒரு வண்டியே கிடையாது. நடுவில் இந்த மனிதர்.

சட்டம் தப்பில்லை. யார் யாரோ எதை எதையோ வண்டியில் ஒட்டவைத்து ஓட்டுகிறார்கள், ஒருநாள் அது கழன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் விழும். அதற்குத்தான் இந்த விதி. எனக்குப் புரிகிறது. புரிவது ஒன்றுக்கும் உதவவில்லை.

அவரிடம் சொன்னேன். "டாக்டருகிட்டப் போலாம்" என்றார். ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

8 ஜூலை, செவ்வாய்

மருத்துவமனை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். இடது கை மேலே போனது. வலது கை தோள் உயரத்தில் நின்றது. "இன்னும் தூக்குங்க ஐயா." தூக்கினார். பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு கருவியைத் தள்ளச் சொன்னார். முள் பாதிகூட ஏறவில்லை.

"எத்தன வருசமா ஊன்றுகோல்?"

"அம்பத்தெட்டு வருசமா."

"கால் பண்ண வேண்டிய வேலையையும் தோளே பண்ணியிருக்குதுங்க. தேஞ்சு போச்சு. பிரேக்க இந்தக் கையிலதான தள்ளறீங்க? நான் எழுதிக் குடுக்க முடியாதுங்க ஐயா. மன்னிச்சுக்கோங்க."

வரும் வழியில் ஆட்டோவில், "நேத்து மழையில நனஞ்சது, அதான் புடிச்சுக்கிச்சு" என்றார். நேற்று மழையே இல்லை.

9 ஜூலை

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தோள் தேய்ந்தது நேற்றல்ல. இரண்டு வருஷமாகச் சட்டையை இடது கையால் இழுத்துத்தான் மாட்டுகிறார். நான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் ஆர்.சி.யில் ஏறியிருந்தால், யாரும் கேட்காமல் இன்னும் மூன்று வருஷம் அந்தத் தோளோடு ஓட்டியிருப்பார். ஏதாவது நடந்திருந்தால்?

அப்படியானால் நான் விட்டுப்போனது நல்லதற்கா?

இல்லை. இப்படி யோசித்துத் தப்பிக்கக் கூடாது. கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டு, விடை தற்செயலாகச் சரியாக வந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருப்பேனா?

தோள் ஓய்ந்து அவராக நிறுத்தியிருந்தால் அது வேறு. "போதும்" என்று சாவியை அவரே என் கையில் கொடுத்திருப்பார். அந்த நாளை நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்தபோது சிவராஜ் வந்திருந்தார். கைப்பிடியைக் கழற்றினால்தான் வண்டிக்குச் சோதனையில் பாஸ். கழற்றாவிட்டால் வண்டியையே உடைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

சிவராஜ் ஸ்பேனரோடு உட்கார்ந்தவர், கழற்றாமல் இவரைப் பார்த்தார். "மாப்ள, நான் ஒண்ணு சொல்லட்டா? இன்னைக்குக் கழட்டறேன். பாஸ் பண்ணிட்டு வா. அன்னைக்கே திருப்பி மாட்டித் தர்றேன். பத்து நிமிச வேல. சைலென்சர மாத்துன பசங்க, லைட்ட மாத்துனவிய, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நிலையத்துல மிசினு. ரோட்டுல மிசினா நிக்குது?"

நான்தான் முந்திக்கொண்டேன். "ஏனுங்க, அப்படியே பண்ணிரலாமுங்க. ஊருக்குள்ள மட்டும். மெதுவா. நெருப்பெரிச்சல் வரைக்கும்."

நான். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குக் காப்பி அடிக்காதே என்று சொன்னவள். சிவராஜ்கூட என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கழட்டு சிவராஜு" என்றார்.

"ஏன் மாப்ள—"

"எங்காச்சும் ஒரு கொழந்த குறுக்க வந்தா இந்தத் தோளு நிறுத்துமா? நிறுத்தாது. எனக்கே தெரியுது. இதுவரைக்கும் தெரியாம ஓட்டுனேன். இனித் தெரிஞ்சுட்டா ஓட்டறது?" கொஞ்சம் நிறுத்தி, "மறைச்சு வெச்சு நடத்துன வரைக்கும் போதும்" என்றார்.

அது எனக்கு.

கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு போல்ட் துருப்பிடித்து வரவே இல்லை. அறுத்தார்கள். சிவராஜ் கைப்பிடியை எங்கே வைப்பது என்று கேட்டார். "உன்ற பண்டம், நீயே எடுத்துட்டுப் போ" என்றார். சிவராஜ் போகும்போது முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

1 ஆகஸ்ட்

பாஸ். இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓட்டலாம். யார் வேண்டுமானாலும். அவரைத் தவிர.

18 ஆகஸ்ட், திங்கள்

முருகவேல் என்று ஒரு டிரைவர். தேனிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். வாரம் மூன்று நாள் வருகிறார். இவர் பக்கத்து இருக்கையில். இன்று இரண்டு யூனிட். ஒருவர் காலையில் ஐந்தே முக்காலுக்கே கூப்பிட்டார், முருகவேல் ஒன்பதுக்குத்தான் வருவார். போவதற்குள் அவர்களே மிசினை நிறுத்தி ஊசி முழுவதையும் மாற்றிவிட்டார்களாம்.

"நான் ஓட்டக் கத்துக்கறேனுங்க" என்றேன் மாலையில். "இந்த வயசுல லைசென்ஸ் வாங்கறவிய இல்லையா? காலைல நாலு மணின்னாலும் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம் பிரிசி" என்றார். பெயரைச் சொன்னார், டீச்சரம்மா என்று சொல்லவில்லை. டீச்சரம்மா என்று அவர் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது.

4 செப்டம்பர்

முருகவேலிடம் இன்று, "அண்ணே, லெப்ட்ல வண்டி வருதுங்க, பிரேக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். முருகவேல் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஐயாவுக்குக் கை அசஞ்சுக்கிட்டே இருக்கும்மா. மடியில வச்சபடியே தள்ளுறாரு, இழுக்குறாரு."

5 செப்டம்பர்

ஆசிரியர் தினம். நான்கைந்து பேர் போன் செய்தார்கள். பூபாலனும். எடுக்கவில்லை.

22 செப்டம்பர், திங்கள்

முருகவேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டேன். "அவர்மேல ஒண்ணும் தப்பில்ல. பார்சலாட்டப் போயி இறங்கறது எனக்கு ஆவல."

அப்புசாமி போன் செய்தார். "ஐயா, நீங்க சிரமப்பட வேண்டாமுங்க. துணிய போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பறோம், பாத்துச் சொல்லீருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். படம் வந்தது. இவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தார். ஒரு விரலைத் திரையில் வைத்துத் தடவினார். கண்ணாடி.

"தெரியலீங்க அப்புசாமி" என்று பதில் அனுப்பினார். அவருடைய தொழிலில் இந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஒவ்வொரு வருஷமும் யூனிட்காரர்கள் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். இந்த வருஷமும் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே "உடம்பப் பாத்துக்கோங்க ஐயா" என்றார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

8 நவம்பர், சனி

கார் போய்விட்டது. பொங்கலூரில் இருந்து ஒரு தம்பதி வந்து எடுத்துப் போனார்கள். அந்தப் பெண் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்கு தொட்டதும் புடிக்குதுங்க, நல்லா வெச்சிருந்திருக்கீங்க" என்றாள். "ஆமாங்க கண்ணு" என்றார் இவர்.

அவர்கள் போன பிறகு வாசலில் எண்ணெய்க் கறை இருந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். உள்ளேயிருந்து, "விடு, அது கெடக்கட்டும்" என்று குரல் வந்தது.

16 நவம்பர்

அவர் என்னிடம் கோபமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபி கேட்கிறார், மருந்து கேட்கிறார், கரண்ட் போய்விட்டதா என்று கேட்கிறார். நன்றாகத்தான் பேசுகிறார். விருந்தாளியிடம் பேசுவதுபோல.

நேற்று நானே கேட்டுவிட்டேன். "என்ன மன்னிச்சுட்டீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் மன்னித்த பிறகும் ஏதோ ஒன்று திரும்பி வரவில்லை. அது என்ன என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது.

6 டிசம்பர், சனி

பேட்டரி சக்கர நாற்காலி கொடுக்கிறார்களாம், அடுத்த வாரம் முகாம். தெருவில் வந்த பெண் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான்கு பக்கம். மாலையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நிரப்பினேன்.

பெயர், வயது, முகவரி. தொழில் என்ற இடத்தில் நிறுத்தினேன். "வேலை இல்லைன்னு போடு" என்றார். போட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. பிறர் உதவியின்றி வெளியே சென்று வர இயலுமா? ஆம், இல்லை. இரண்டு கட்டங்கள்.

பேனா நகரவில்லை. அவரைப் பார்த்தேன். அவருக்கு எந்தக் கேள்வி என்று தலைகீழாகவே தெரிந்திருக்க வேண்டும்.

"உள்ளத எழுது" என்றார்.

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். மிச்சத்தையும் நிரப்பினேன். எதையும் விடவில்லை. கையெழுத்துக்காக அவர் பக்கம் திருப்பி வைத்தேன், பேனாவையும் நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். முப்பத்தாறு வருஷத்தில் நான் நிரப்பிய ஒரு காகிதத்தை அவர் படித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நான்கு பக்கமும் படித்து முடிக்கும்வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.